சலித்தால் போகாது

கொங்கு நாட்டில் நிலக்கடலை இல்லாமல் குடும்பம் நடத்துவது உப்பில்லாமல் நடத்துவது மாதிரிதான். இட்லிக்குக் கடலைச் சட்னி, பஸ்ஸுக்குக் காத்திருந்தால் கையில் கடலைப் பொட்டலம், விருந்தாளி வந்தால் கடலை உருண்டை. நித்யஸ்ரீ கோயமுத்தூர் கணபதியில் ஆறு வருடமாகக் கடலை இல்லாத அப்படியொரு குடும்பத்தைத்தான் நடத்திவந்தாள். மகள் ரித்திகா இரண்டு வயதில் கடலை உருண்டையில் ஒரு விள்ளல் தின்று மூச்சு இழுத்துக்கொண்டதிலிருந்து அந்த வீட்டு வாசற்படியைக் கடலை தாண்டியதில்லை. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "தெனம் ஒண்ணொண்ணாக் குடுத்துப் பழக்குனா எல்லாம் சரியாப் போயிருமுங்க" என்று வைத்தியம் சொன்னவர்களை ஏற்றினால் ஒரு லாரி நிறையும். அவர்களில் ஒருத்தர்கூட மூச்சு இழுத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்தவர் இல்லை.

அந்த ஓட்டத்தில் பிறந்ததுதான் அவளுடைய சத்துமாவு. கணவன் மோகன்குமாரின் லேத் பட்டறை முன்பக்கம். பின்பக்க ஷெட்டில் இவளுடைய அரவை மிஷின். ராகி, கம்பு, கோதுமை, பாசிப்பயறு, கொஞ்சம் ஏலக்காய். பாக்கெட்டின் முன்னால் 'நிலக்கடலை இல்லாதது' என்று பெரிதாக இருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் 'எங்கள் மகளும் இதைத்தான் குடிக்கிறாள்' என்று இருக்கும். லைசென்ஸ் நம்பரை யாரும் படிப்பதில்லை. இந்த வரியைப் படித்துவிட்டுத்தான் வாங்கினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் ரித்திகா அந்த மாவில் காய்ச்சிய கஞ்சியை அரை டம்ளர் குடித்தாள். ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவள் "அம்மா, ஒதடு அரிக்குது" என்றாள். நித்யஸ்ரீ திரும்பிப் பார்ப்பதற்குள் மேலுதடு வீங்கியிருந்தது. கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. அதன்பிறகு அவள் எதையும் யோசிக்கவில்லை. ஆம்னி வேன் கிளம்பியது, பிள்ளை மடியில் இருந்தாள், மோகன்குமார் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினான். ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். பத்து நிமிடத்தில் மூச்சு சீரானது. இருபத்து நாலு மணி நேரம் இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர்.

"காலையில என்ன சாப்பிட்டா?"

"எங்க மாவுங்க. எங்க மாவுக் கஞ்சி மட்டுந்தானுங்க" என்றாள் நித்யஸ்ரீ. சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. மகள் குடித்தது புது மாவு. ஞாயிற்றுக்கிழமை அரைத்தது. மொத்தம் ஐம்பத்திரண்டு பாக்கெட்; வீட்டுக்கு ஒன்று போக மீதியெல்லாம் திங்கட்கிழமையே ஊர் முழுக்கப் போய்விட்டது.

பதினோரு மணிக்குச் சென்னியம்மாள் வந்தாள். மிஷினைப் பார்த்துக்கொள்வது அவள்தான். நித்யஸ்ரீயைவிடப் பத்து வயது மூத்தவள், நாலு வருடமாக ஷெட்டின் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கிறது. வார்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். கட்டிலில் கிடந்த பிள்ளையின் வீங்கிய முகத்தை அங்கிருந்தே பார்த்தாள்.

"அம்மணி, நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேனுங்க."

ஞாயிற்றுக்கிழமை நித்யஸ்ரீ சூலூருக்குச் சரக்குக் கொடுக்கப் போயிருந்தாள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அங்கப்பன் மூடி போட்ட ஒரு போசிப் பாத்திரத்தோடு வந்திருக்கிறார். மறுநாள் பேத்திக்குக் காதுகுத்து. விருந்துக் குருமாவுக்கு வறுத்த நிலக்கடலைப் பருப்பு இரண்டு கிலோ பொடிக்க வேண்டும். மிக்ஸி புகைந்துவிட்டது.

"நல்ல காரியத்துக்குன்னு வந்து நிக்கறவங்கள எப்படீங்க இல்லைன்னு அனுப்பறது? அரைச்சுக் குடுத்துப்போட்டேன். அப்பறம் மிஷினைத் தொடைச்சேனுங்க. சத்தியமாத் தொடைச்சேன். ரெண்டு கை ராகிய உட்டு ஓட்டுனேன், உள்ள ஒட்டியிருந்ததெல்லாம் வந்துருச்சு."

"அந்த ராகி எங்கீங்க அக்கா?"

சென்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ரெண்டு கை ராகிங்க அம்மணி. அதை எப்படிக் கொட்டறது? மாவோடயே சேத்துப்போட்டேன்."

நித்யஸ்ரீக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது, தானியத்தைத் தரையில் கொட்டக் கூடாது. இந்த இரண்டையும் அவளுக்கும் அவள் அம்மா தலையில் குட்டித்தான் சொல்லிக்கொடுத்தாள். அந்த ஷெட்டில் அன்று நித்யஸ்ரீயே இருந்திருந்தால் கடலையை வேண்டுமானால் தடுத்திருப்பாள். இரண்டு கை ராகியைக் கொட்டியிருப்பாளா?

"எல்லாத்தையும் திருப்பி வாங்கோணும். இப்பவே" என்றாள் கணவனிடம்.

"வாங்கலாம்" என்றான் மோகன்குமார். கெட்ட மனிதன் இல்லை. ஆறு வருடமாகத் தன் பட்டறையில் ஒரு கடலைத் தொலிகூட விழாமல் பார்த்துக்கொண்டவன். "ஆனா கடலக்கான்னு போட்டா நம்ம பேரு என்னாகறது? வண்டு உழுந்துருச்சுன்னு போடலாம். வண்டுன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கிக்குவாங்க. காரியமும் ஆகும், பேரும் தப்பும்."

நித்யஸ்ரீயின் விரல்கள் மகளின் மணிக்கட்டில் நாடியை எண்ணிக்கொண்டிருந்தன. அவள் சரியென்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். மத்தியானம் பன்னிரண்டரைக்கு, 'மாவில் வண்டு விழுந்துவிட்டதுங்க, பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் புதிது தருகிறோம்' என்று மோகன்குமார் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். கூடவே இரண்டு மூன்று கும்பிடு.

புதன்கிழமை காலை ரித்திகாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்தவுடன் நித்யஸ்ரீ முதல் வேலையாகப் போனை எடுத்துப் பதில்களைப் படித்தாள். ஐம்பத்திரண்டில் பத்தொன்பது பாக்கெட் திரும்பியிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் தங்கமானவர்கள்.

'பரவாயில்லீங்க, வண்டுதானே, சலிச்சுக்கறோம்.'

'வெயில்ல போட்டுச் சலிச்சுட்டேன் சிஸ்டர், ஒரு வண்டும் இல்லை. உங்களுக்கு எதுக்கு நஷ்டம்?'

'எங்க மாமியார் வேப்பிலை போட்டு வெச்சுட்டாங்க.'

படிக்கப் படிக்க அவளுக்கு வியர்த்தது. வண்டு விழுந்த மாவைக் கொட்டும் வீடு கோயமுத்தூரில் எது? சலிப்பார்கள், காயவைப்பார்கள், பிறகு நிம்மதியாகக் காய்ச்சிப் பிள்ளைகளுக்கு ஊற்றுவார்கள். அவளுடைய வாடிக்கையாளர்களில் பதினான்கு வீட்டில் பிள்ளைக்குக் கடலை ஆகாது. அவர்களையெல்லாம் சல்லடையை எடுக்கச் சொன்னது அவள் தலையாட்டி அனுப்பிய செய்திதான்.

"உண்மையப் போடப் போறேனுங்க" என்றாள்.

மோகன்குமார் லேத்தை நிறுத்திவிட்டு வந்தான். "போட்டுட்டா அப்பறம் அழிக்க முடியாது அம்மணி. ஊரே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கும். ஆறு வருசப் பேரு."

"அந்தப் பேர நம்பித்தானுங்க அந்தக் கொழந்தைக குடிக்குது. நம்ம பேரு நல்லா இல்லாம இருந்திருந்தா இந்நேரம் பாதிப்பேரு மாவைக் கொட்டியிருப்பாங்க." போனை அவள் கீழே வைக்கவில்லை. "நேத்து நானுந்தான் தலையாட்டுனேன். உங்களச் சொல்லல. இன்னைக்கு ஆட்ட மாட்டேன்."

 அவள் தட்டச்சு செய்தாள்:

'நேற்று வண்டு என்று சொன்னது பொய். ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவில், 27 என்ற அரவை எண் போட்ட எல்லாப் பாக்கெட்டிலும், நிலக்கடலை கலந்துவிட்டது. எங்கள் ஷெட்டில் நடந்த தவறு. என் மகள் இதைக் குடித்து ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருக்கிறாள். சலித்தால் போகாது. வெயிலில் வைத்தால் போகாது. காய்ச்சினாலும் போகாது. யாருக்கும் கொடுக்காதீர்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள், பாக்கெட்டைக் கட்டி வையுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். குடித்த பிள்ளைக்கு உதடு வீங்கினாலோ, தடிப்பு வந்தாலோ, மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நித்யஸ்ரீ, கணபதி.'

கீழே ரித்திகாவின் வீங்கிய முகத்தின் படத்தைப் போட்டாள். போட மனமில்லைதான். ஆனால் படத்தைப் பார்த்தால் யாரும் சல்லடையை எடுக்க மாட்டார்கள்.

பிறகு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தாள். யாரும் கேட்காமலே தானாகத் தப்பைச் சொல்லும் ஆளை அந்த அதிகாரி அதிகம் பார்த்ததில்லை போலிருக்கிறது.  "எழுத்துல குடுங்கம்மா. மெசேஜை மட்டும் நம்பாதீங்க. ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணுங்க. கடைசிப் பாக்கெட் வர்ற வரைக்கும் விடாதீங்க" என்றார்.

அந்தப் போன்களை யார் செய்வது என்று பேச்சு வரவே இல்லை. மோகன்குமார் பட்டறை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். "ஏனுங்க, கணபதியில இருந்து மோகன் பேசறேன். வண்டு இல்லீங்க, கடலக்காங்க. நான்தானுங்க மாத்திச் சொன்னேன்." ஒவ்வொரு போனிலும் அதையே சொன்னான். சிலர் திட்டினார்கள். சூலூரிலிருந்து சைத்ரா என்ற பெண், மகனுக்குக் கடலை ஆகாதவள், பாக்கெட்டை இன்னும் பிரிக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். நித்யஸ்ரீயும் சென்னியம்மாளும் வேனில் வீடு வீடாகப் போய் எடுத்துவந்தார்கள். மதியம் ஒரு மணிக்கு நாற்பத்தைந்து சேர்ந்தது.

மீதி ஏழில் ஒன்று ரித்திகாவின் பாக்கெட். ஆறு, கோட்டைமேட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் யூனுஸிடம். அவர் வாட்ஸ்அப்பைச் சாயங்காலம் ஒரு தடவை பார்ப்பார், அதோடு சரி. போனை எடுக்கவில்லை. நேரில் போனபோது ஐந்து பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஆறாவது எங்கீங்க பாய்?"

"அது வித்துப்போச்சும்மா. நேத்துச் சாயங்காலம்." யூனுஸ் பெருமையாகச் சிரித்தார். "வண்டுன்னு மெசேஜ் பார்த்தேன். ஒண்ணைப் பிரிச்சுச் சலிச்சுப் பார்த்தா சுத்தமா இருக்குது. அந்த நேரம் ஒரு அம்மா வந்தாங்க. கடலை இல்லாத மாவு மூணு வருசமாத் தேடறேன்னாங்க. உங்களுக்கு ஒரு பாக்கெட் மிச்சமாகட்டுமேன்னு குடுத்துட்டேன். மறைக்கலம்மா. வண்டுன்னு சொன்னாங்க, நான் சலிச்சேன், நீங்களும் ஒரு வாட்டி காயவெச்சுச் சலிச்சுக்குங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

நித்யஸ்ரீ விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "யா அல்லாஹ். அந்தம்மா பொண்ணுக்குன்னுல்ல வாங்கிட்டுப் போனாங்க."

பெயர் நிலோஃபர், ஊர் பொள்ளாச்சி, கணவருக்குக் கொப்பரை மண்டி. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போன் நம்பர் இல்லை.

"நீங்க கெளம்புங்க" என்றார் யூனுஸ், கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டே. "பொள்ளாச்சியில எனக்குத் தெரிஞ்ச மண்டி எத்தனை இருக்கோ அத்தனைக்கும் போன் போடறேன். நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள ஆளைப் புடிச்சுருவேன்."

வேன் உக்கடம் தாண்டியது. சென்னியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுகப் பொலபொலவென்று அழுதுகொண்டே வந்தாள். "அழுதா வண்டி வேகமாப் போகுமுங்களா அக்கா?" என்று நித்யஸ்ரீ எரிந்து விழுந்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு மறுபடி கியரைப் பிடித்துக்கொண்டாள். கிணத்துக்கடவில் போன் அடித்தது. மண்டிக்காரர் சுஃப்யான் லோடோடு பாலக்காடு போயிருக்கிறார், போன் கிடைக்கவில்லை. ஆனால் மண்டிக் கணக்குப்பிள்ளை தெருவையும் வீட்டு அடையாளத்தையும் சொல்லிவிட்டார். பச்சைக் கதவு, வாசலில் கொய்யா மரம்.

பொள்ளாச்சிக்குள் நுழைந்தால் தேங்காய் லாரி குறுக்கே நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது. நித்யஸ்ரீ வேனை ஓரமாக விட்டுவிட்டு இறங்கி ஓடினாள். பின்னால் சென்னியம்மாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவளைவிட வேகமாக.

பச்சைக் கதவு திறந்துதான் இருந்தது. கொய்யா மர நிழலைத் தாண்டி, வெயில் விழும் இடத்தில் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன்மேல் சல்லடை. துணியில் மாவு இல்லை.

நித்யஸ்ரீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நிலோஃபர்! அந்த மாவக் குடுக்காதீங்க! கடலை கலந்துருச்சுங்க!"

சமையலறையிலிருந்து கையில் கரண்டியோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அடுப்பில் கஞ்சி கொதிக்கும் மணம், ஏலக்காய் மணம், நித்யஸ்ரீக்கு நன்றாகத் தெரிந்த அவளுடைய மாவின் மணம். நாலு வயதுப் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்து காலி டம்ளரை ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தாள். நித்யஸ்ரீ முதலில் அந்த உதட்டைத்தான் பார்த்தாள். சாதாரணமாக இருந்தது.

"குடிச்சுட்டாளா?"

"இப்பத்தான் காய்ச்சறேன். நீங்க யாரு?"

நித்யஸ்ரீ சுவரைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதை அவளுக்கு முன்னால் சென்னியம்மாளே சொன்னாள், மூச்சிரைக்க, ஒன்றையும் விடாமல்: காதுகுத்து, போசி, இரண்டு கை ராகி. நிலோஃபர் முதலில் அடுப்பை அணைத்தாள். மகளின் கையிலிருந்த டம்ளரையும் ஸ்பூனையும் வாங்கினாள், பிள்ளையின் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அதற்குப் பிறகுதான் திரும்பினாள்.

"கடைக்காரர் வண்டுன்னு சொன்னாருங்க. அதனால காலையிலிருந்து காயப்போட்டு ரெண்டு தடவை சலிச்சேன்." அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போன வருசம் எம்பொண்ணு இல்மா ஒரே ஒரு பிஸ்கட் தின்னா. நாலு நாள் ஐசியு. நேத்து நீங்க உண்மையைச் சொல்லியிருந்தா அவரு இதை எனக்குக் குடுத்திருப்பாரா?"

"குடுத்திருக்க மாட்டாருங்க" என்றாள் நித்யஸ்ரீ. "நேத்து மத்தியானம் நான் பொய் சொன்னேன். சாயங்காலம் நீங்க வாங்குனீங்க."

 வண்டு என்று நினைத்துக் காயப்போட்டதால்தானே இந்நேரம் வரை குடிக்கவில்லை என்று அன்று இரவு மோகன்குமார் ஒரு பேச்சுக்கு ஆரம்பித்தான். மனைவி பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டான்.

"அந்தச் சட்டிய எங்கிட்டக் குடுங்க கண்ணு" என்று சென்னியம்மாள் கையை நீட்டினாள். சூடான பாத்திரத்தை முந்தானையால் பிடித்து வெளியே கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். ஒட்டியதை விரலால் வழித்துவிட்டாள். பிறகு சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள், அதற்குப் பிறகு சல்லடையையும் வெள்ளைத் துணியையும் பாக்கெட்டோடு சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டாள். கஞ்சி போச்சே என்று இல்மா அழுதாள். நிலோஃபர் ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள்.

கிளம்பும்போது நிலோஃபர் வாசல்வரை வந்தாள். கோபம் தீரவில்லை. "உங்க நம்பரைக் குடுங்க. மறுபடி செய்ய ஆரம்பிச்சா எனக்குச் சொல்லுங்க. வாங்குவேனான்னு தெரியாது. ஆனா சொல்லுங்க."

ஐம்பத்திரண்டாவது பாக்கெட்டும் வந்து சேர்ந்தது. அதிகாரி வந்து எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்ட பிறகு, பட்டறைக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். ஒவ்வொரு பாக்கெட்டாகக் கிழித்துக் கொட்டியது சென்னியம்மாள். வேறு யாரையும் தொட விடவில்லை. மோகன்குமார் மிஷினை நட்டு நட்டாகக் கழற்றினான், கழுவினான், தேய்ந்த பாகங்களுக்குப் பதில் லேத்தில் புதிது கடைந்து போட்டான். மாவு பரிசோதனைக்குப் போய், கடலை இல்லை என்று காகிதம் வந்த பிறகுதான் ஷெட் திறந்தது. வாடிக்கையாளர்கள் பாதிக்குமேல் போய்விட்டார்கள். முதல் அரவைக்கு வந்த ஆர்டர் பதினேழு. அதில் ஒன்று பொள்ளாச்சி.

அன்று காலை சென்னியம்மாள் ராகியைப் புடைத்துக்கொண்டிருந்தபோது அங்கப்பன் வந்தார். கையில் அதே போசி.

"ஏனுங்க அம்மணி, ஊட்ல ஒறம்பற சனம் வந்துருக்குது. ஒரு கிலோ கடலக்காப் பருப்பு. சித்த ஓட்டிக் குடுத்தீங்கன்னா…"

நித்யஸ்ரீ ஷெட்டுக்குள் இருந்தாள். வாய் திறக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

சென்னியம்மாள் எழுந்து போய் வாசலை மறித்து நின்றாள். முறத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். பிறந்ததிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லாத சொல். 

"முடியாதுங்க."

அங்கப்பன் கேலி என்று நினைத்துச் சிரித்தார். "ஒரு கிலோதானுங்களே?"

"ஒரு கையானாலும் முடியாதுங்க. நீங்க போய்ட்டு வாங்க."

அவர் கோவித்துக்கொண்டுதான் போனார். போசி மூடி படக் படக்கென்று அடித்துக்கொள்ளும் சத்தம் தெருமுனைவரை கேட்டது. சென்னியம்மாள் உள்ளே வந்து கையைக் கழுவினாள், துடைத்தாள், மிஷினில் இரண்டு கை ராகியை விட்டு ஓட்டினாள். கீழே விழுந்த மாவை முறத்தில் வாரிக்கொண்டு போய்க் குழி இருந்த இடத்தில் கொட்டிவிட்டு வந்தாள்.

"இப்ப போடுங்க அம்மணி" என்றாள்.